வால் அறுந்த நாற்பத்தொரு நாள்

வலது மணிக்கட்டு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊசி குத்துகிற மாதிரி வலி இல்லை. ஈரத்துணியை யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி. அது மெல்ல முழங்கை வரைக்கும் ஏறி, அங்கே வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் போல உட்கார்ந்துகொள்ளும். எட்டு வருஷம் பேக்கிங் மேசையில் நின்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிய கை. தோளும் போய்விட்டது என்று தெரிந்ததும் முதலாளி அவளை மாடிக்கு அனுப்பினார்.

"உட்கார்ந்து பாக்குற வேலைம்மா. ராணி மாதிரி இருக்கலாம்" என்றார்.

ராணிக்கு மவுஸ் பிடித்து மணிக்கட்டு போகும் என்று அவர் சொல்லவில்லை.

கடை என்று சொன்னாலும் உள்ளே வந்து பார்க்க முடியாத கடை. கீழே கிடங்கு, மேலே நான்கு மேசை, அவ்வளவுதான். இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ, கையுறை, சுமை தூக்குகிறவர்கள் கட்டும் இடுப்புப் பட்டை, எல்லாம் இணையத்தில் விற்பனை. விளம்பரத்துக்கென்று தனியாகச் செலவு கிடையாது. அறுபத்து மூன்று பேர்தான் விளம்பரம். வெல்டர், லாரி ஓட்டுகிறவர், கிணறு தோண்டுகிறவர் என்று ஆளுக்கொரு தொழில். ஆளுக்கொரு வீடியோ பக்கம். அவர்கள் பேசிக் காட்டுவார்கள், கடையின் லிங்க்கைக் கீழே போடுவார்கள். அதைத் தொட்டு உள்ளே வந்து யாராவது வாங்கினால், வாங்கிய விலையில் நூற்றுக்கு எட்டு அவர்களுக்கு.

யார் அனுப்பிய ஆள் என்று கண்டுபிடிப்பது லிங்க்கின் வாலை வைத்து. கடையின் முகவரி முடிந்ததும் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் அந்த ஆளுக்கென்று கொடுத்த எண். வாலைப் பார்த்ததும் கணினி, வாங்க வந்தவரின் போனில் ஒரு அடையாளம் போட்டுவிடும். அன்று முழுக்க எப்போது வாங்கினாலும் கணக்கு சேர்ந்துவிடும். அந்த அறுபத்து மூன்று வாலையும் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. கிடங்கில் அவளுக்கு லிங்க் அக்கா என்று பெயர்.

அன்றைக்கு மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே திரையைத் திறந்தாள். பதினேழாம் எண்ணில் பூஜ்யம். நேற்றும் பூஜ்யம். அதற்கு முந்தைய முப்பது நாளும் பூஜ்யம்.

பதினேழாம் எண் அவளுடைய அண்ணன்.

அவன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கி, உள்ளே தகடு வைத்து, ஒரு வருஷம் வீட்டில் கிடந்தான். சும்மா கிடக்கிற மனுஷனின் எரிச்சலைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் கடையில் திரும்பி வந்த ஷூ ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதைப் பத்தி நாலு வார்த்தை பேசேன்" என்றாள். அவன் பேசவில்லை. ரம்பத்தை எடுத்து ஷூவை நடுவில் இரண்டாக அறுத்தான். "பாருங்க, வெளிய தோலு, உள்ள அட்டை. இதைப் போட்டுக்கிட்டு ஈரத்துல நின்னா சாயங்காலம் கஞ்சியாயிடும்" என்றான். அண்ணி போனில் அதைப் படம் பிடித்தாள். ஒரு வாரத்தில் எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள். பிறகு நல்ல ஷூவையும் அறுத்தான். எது நல்லது என்று சொன்னான். மாதம் நூற்றைம்பது ஜோடிக்குக் குறையாமல் அவன் வாலில் விற்றது. வாடகையும் மருந்தும் அதில் ஓடின.

அப்புறம் பூஜ்யம்.

போன் அடித்தது. அவன்தான்.

"இன்னைக்கு எத்தனை?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"பஸ் பட்டறையில முப்பது பேரு சேந்து வாங்கியிருக்கான். பெட்டியோட நின்னு போட்டோ எடுத்து அனுப்புறான். நீ ஒண்ணும் இல்லங்கிற."

"வேற எங்கயாவது பாத்துட்டு வாங்கியிருப்பான்."

"வேற எங்கயாவது பாத்தவன் எனக்கு எதுக்குடி போட்டோ அனுப்புறான்? உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்கு என்ன தெரியும். இங்க என்ன வருதோ அதைத்தான் சொல்றேன்."

அவன் வைத்துவிட்டான். இந்தப் பேச்சு ஒரு மாதமாக நடக்கிறது. மாற்றம் ஒன்றுதான்: முதலில் சிரித்துக்கொண்டு கேட்டான், இப்போது சிரிப்பு இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. லிங்க்கைத் தன் போனிலேயே தொட்டுப் பார்த்தாள். கடை திறந்தது. எண்ணிக்கை பார்க்கும் மென்பொருள் கம்பெனிக்குப் பதினோரு முறை எழுதினாள். பதினோரு முறையும் ஒரே பதில்: உங்கள் பொறுமைக்கு நன்றி, எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறது. பதில் போடுவது ஆளா மெஷினா என்று தெரிந்துகொள்ள, "உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று ஒருமுறை எழுதிப் பார்த்தாள். அதற்கும் எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறது என்றே வந்தது.

மற்றவர்களும் எழுதினார்கள். வெல்டர் எழுதினார், கிணற்றுக்காரர் எழுதினார். முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் சந்தோஷத்தில் இருந்தார்.

"இங்க பாரும்மா. நேரடியா வந்து வாங்குறவங்க எப்படி ஏறியிருக்காங்க பாரு. யாரும் சொல்லாமலே நம்ம பேரு பரவியிருக்கு."

"லிங்க்ல வர்றது ஒரேயடியா விழுந்துருக்கே சார்."

"அதான் சொல்றேன். இனிமே அவங்க தேவைப்படாது போல. சீசன் மந்தம்னு பதில் போடு. அவங்க வீடியோ பழசாயிடுச்சு, அதை யாரு சொல்றது."

அவள் சொன்னாள். அறுபத்திரண்டு பேருக்குச் சீசன் மந்தம் என்று எழுதினாள். அண்ணனிடம் மட்டும் மந்தம் என்று பொய் சொல்ல மனம் வராமல், உண்மை என்று தான் நம்பியதை நேரில் போய்ச் சொன்னாள்.

அவன் வீடு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. பதினாலு படி. ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை முதலில் வைத்து, தகடு வைத்த காலைப் பின்னால் இழுத்து ஏறுவான். உள்ளே சமையல் மேசைமேல் ஒரு ஷூ பாதி அறுபட்டுக் கிடந்தது.

"உப்பு டப்பாவுல ரப்பர் தூளு, தண்ணிக் குடத்துல ரப்பர் தூளு" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் ஷூவை அறுக்கிறாரு, நாங்க ஷூவைச் சாப்பிடுறோம்."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, ஆளுங்க பாக்குறாங்க. ஆனா வாங்கலை. வீடியோ சலிச்சுப் போச்சுபோல. அதையே திரும்பத் திரும்ப அறுத்தா என்ன பண்ணுவாங்க?"

அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

"எண்ணிக்கை அப்படித்தானே சொல்லுது."

அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன். பணம் வந்தா வீட்டுல உக்காந்து அறுக்கிறேன். வரலைன்னா சாரம் ஏறுறேன். மேஸ்திரி கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"டாக்டர் ஏறக் கூடாதுன்னு..."

"டாக்டர் வாடகை குடுப்பாரா?"

அவள் படி இறங்கி வந்தாள்.

ஒண்ணாந்தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பேக்கிங் மேசையிலிருந்து டேப் அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். எட்டு வருஷம் இவள் பக்கத்தில் நின்றவள். எப்போதும் மணிக்கட்டில் டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டியிருப்பதால் அந்தப் பெயர்.

"அடியே லிங்க்கு, ஒரு பஞ்சாயத்து. ஒருத்தன் போன்ல கத்துறான். அவன் ஷூவை எவனோ போட்டுக்கிட்டுச் சுவரு பூசிக்கிட்டு இருக்கானாம்."

"என்ன உளர்ற?"

"நான் உளறலை. டெலிவரிக்காரன் ஒழுங்காத்தான் போயிருக்கான். வீடு பூட்டியிருந்துது. லேபிள்ல 'கொத்தனார் அண்ணன்'னு போட்டிருக்கு. எதுத்த வீட்டுல ஒரு கொத்தனாரு பூசிக்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டுக் குடுத்துட்டான். அந்த ஆளு பிரிச்சுப் பாத்துருக்காரு, அளவு சரியா இருந்துருக்கு, மாட்டிக்கிட்டாரு. யாரோ நல்ல மனசோட குடுத்ததா நினைச்சாராம்." டேப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கழட்டச் சொன்னா, 'கலவை பட்டுடுச்சே, இனிமே எப்படித் திருப்பிக் குடுக்கிறது'ங்கிறாராம்."

"லேபிள்ல எப்படிக் கொத்தனார்னு வந்துது?"

"அது வந்துக்கிட்டுத்தானே இருக்கு. ரெண்டு மூணு மாசமா பாக்குறேன். வீட்டுக்காரன் இல்லன்னா எங்க வைக்கணும்னு எழுதுற கட்டத்துல, 'கொத்தனார் அண்ணன் சொல்லி வாங்குறோம்', 'கொத்தனார் அனுப்பின ஆளு', இப்படி. நாங்க அதைப் படிச்சுப் படிச்சுச் சிரிப்போம். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. மேலே வந்தபிறகு அவள் ஒரு லேபிளையும் பார்க்கவில்லை.

ஆனால் ஏன் எழுதினார்கள் என்பது உடனே தெரிந்தது. எந்த வேலைக்குப் போய் நின்றாலும், எந்தக் கடையில் போய்க் கேட்டாலும், முதலில் இன்னார் அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். அப்பா அப்படித்தான் அவளையும் அண்ணனையும் வேலைக்கு அனுப்பினார். சொல்லாமல் போனால் அனுப்பியவருக்கு மரியாதை இல்லை. லிங்க்கைத் தொட்டவர்களுக்கு வால் கணக்கு வைக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். பெயரைச் சொல்ல ஒரு இடம் தேடினார்கள். கடையில் எழுத இடம் விட்டிருந்த கட்டம் அது ஒன்றுதான்.

"எனக்கு அந்த லேபிள் எல்லாம் வேணும்" என்றாள்.

"எல்லாமேவா?"

"நாப்பத்தொரு நாளும்."

ஆர்டர்களைத் திறந்து குறிப்புக் கட்டத்தை ஒவ்வொன்றாகப் படித்தாள். தேடச் சொன்னால் கணினி பாதியைத்தான் எடுத்தது. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஷூவை அறுக்கிறவர் சொன்னார். காலு ஒடிஞ்ச அண்ணன் சொன்னார். ஒருவன் பெரிதாக, "அறுத்துக் காட்டினவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும்" என்று எழுதியிருந்தான். மணிக்கட்டு தீயாய் எரிந்தது. நடுவில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படித்தாள். இருநூற்று எண்பத்து மூன்று ஜோடி. எழுதாமல் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

அத்தனை ஆர்டருக்கும் நேராகக் கணினி "நேரடி" என்று போட்டிருந்தது.

அப்போதுதான் அண்ணனின் லிங்க்கை மறுபடி தொட்டு, கடை திறந்தபிறகு மேலே முகவரியைப் பார்த்தாள். கடையின் பெயர் இருந்தது. கேள்விக்குறி இல்லை. பதினேழு இல்லை. கதவைத் தாண்டும்போதே வாலை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

யாரோ இல்லை. நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் கடையின் பக்கத்தைப் புதுசாக்கினார்கள். புரோகிராமர் ஒரு பட்டியல் அனுப்பி, வேண்டியதை டிக் பண்ணச் சொன்னான். அதில் ஒரு வரி: முகவரியின் தேவையற்ற பின்பகுதியை நீக்கு. அவள் யோசிக்கவே இல்லை. எட்டு வருஷம் டேப் ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் கத்தரித்த கை. நுனி தொங்கினால் பெட்டி அசிங்கம். டிக் பண்ணினாள். அறுபத்து மூன்று வாலும் ஒரே வெட்டில் போனது. அதற்கப்புறம் கடை திறக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். கடை திறந்துகொண்டுதான் இருந்தது.

டிக்கை எடுத்தாள். வால் திரும்பி வந்தது. அரை நிமிஷ வேலை.

லேபிள்களை அச்செடுத்து முதலாளியிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னாள். அவர் இருநூற்று எண்பத்து மூன்றையும் புரட்டவில்லை. மேலே இருந்த நாலைப் படித்தார்.

"யாரு டிக் பண்ணது?"

"நான்தான் சார்."

"நல்லவேளை நீயே சொன்னே." நாற்காலியில் சாய்ந்தார். "சரி, இப்ப சரியாயிடுச்சுல்ல? இனிமே வர்றதுக்குக் குடுத்துடலாம்."

"போனதுக்கு?"

"ஒப்பந்தத்துல என்ன இருக்கு? நம்ம பதிவுல தெரியுற விற்பனைக்கு மட்டும்னு இருக்கு. பதிவுல தெரியலையே."

"லேபிள்ல தெரியுது சார்."

"லேபிள் பதிவாம்மா? எவன் வேணா என்ன வேணா எழுதலாம். அதுவும் உன் சொந்த அண்ணன். நாளைக்கு யாராவது கேட்டா, அண்ணனுக்குத் தங்கச்சி எழுதிக்கிட்டான்னு சொல்ல மாட்டானா?"

"நான் எழுதலை. வாங்கினவங்க எழுதியிருக்காங்க."

"சரி, குடுக்கிறேன்னே வச்சுக்க. மத்த அறுபத்திரண்டு பேரு? அவங்களுக்கு லேபிள் எங்க?"

அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. வெல்டர் எத்தனை விற்றார், கிணற்றுக்காரர் எத்தனை விற்றார், இனி எவராலும் சொல்ல முடியாது.

"அவங்களுக்கும் குடுக்கணும் சார். முந்தின மாசத்தை வச்சு ஒரு கணக்குப் போட்டாவது. வித்தது அவங்கதானே. நேரடியா ஏறுச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டது பூரா அவங்க ஏத்தினது."

முதலாளியின் முகத்திலிருந்த சாந்தம் போய்விட்டது. "பேசத் தெரியுதுல்ல. டிக் பண்ணும்போது இந்த அறிவு எங்க போச்சு?"

அவள் லேபிள்களை அடுக்கி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அடுத்த காலாண்டுல பாக்கலாம்" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி.

"அறிக்கையில நிலுவைன்னு போடவா சார்?"

"நிலுவைன்னு போட்டா குடுக்கணும்மா. பரிசீலனைன்னு போடு."

அன்று சாயங்காலம் பதினாலு படி ஏறினாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பழைய கொத்துக்கரண்டியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். லேபிள்களை அவன் மடியில் வைத்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். வால், டிக், நேரடி, பரிசீலனை.

அவன் லேபிள்களைப் படித்தான். டீ வாங்கித் தரச் சொன்ன லேபிளில் நின்றான். அதைத் தனியே எடுத்து வைத்தான்.

"அப்ப ஆளுங்க வாங்கியிருக்காங்க."

"வாங்கியிருக்காங்கண்ணே."

"வீடியோ சலிச்சுப் போகலை."

"போகலை."

"நான் தெனமும் சொன்னேன். போட்டோ காட்டினேன். நீ நம்பலை." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டிக் பண்ணது தப்புதான், யாரு பண்ணலை. நானும்தான் சாரத்துல முடிச்சைச் சரியாப் பாக்காம கால வச்சேன். ஆனா நீ வந்து இங்க நின்னு, சலிச்சுப் போச்சுன்னு சொன்ன பாரு."

அண்ணி குறுக்கே வந்தாள். "விடுங்க. அவ வேணும்னா பண்ணா?"

"வேணும்னு பண்ணான்னு நான் சொல்லலையே."

"அண்ணே, வால் சரியாயிடுச்சு. இந்த மாசத்துலேருந்து பழையபடி வரும். சாரம் ஏறாத."

அவன் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "வீட்டுக்காரன் வந்து நின்னான், ஒண்ணாந்தேதி வரைக்கும் தாங்கலை. மேஸ்திரிகிட்ட நேத்தே முன்பணம் வாங்கிட்டேன். மூணு மாசத்து வேலைக்கு. வாங்கின கையோட வாடகை குடுத்தாச்சு. அந்த இருநூத்தி எம்பத்தி மூணு ஜோடிக்கான பணத்தை இப்ப எடுத்து வை, நான் மேஸ்திரிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுல உக்காந்துக்கிறேன்."

அவளிடம் அவ்வளவு இல்லை. அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டினாலும் காணாது. இருந்ததைக் கொண்டுவந்திருந்தாள், கவரை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"உன் கடை தர வேண்டியதுடி அது. நீ எதுக்குத் தர்ற? நீ தந்தா கடைக்காரனுக்கு இன்னும் வசதி."

ஒண்ணாந்தேதி வேலைக்குப் போகிற வழியில் அவள் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டாம் மாடி உயரத்தில் சாரத்துப் பலகையில் அவன் நின்றிருந்தான். தகடு வைத்த காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டியபடி கலவை அடித்தான். கீழே அவளைப் பார்த்தான்.

"அங்க நிக்காத. தலையில விழும்."

"எப்ப இறங்குவ?"

"இறங்குறது இல்ல கஷ்டம். நாளைக்கு மறுபடி ஏறணும்." அப்புறம் கொஞ்சம் குனிந்து, "போயி உன் வாலைப் பாரு, போ" என்றான். கிண்டலா கோபமா என்று அந்த உயரத்துக்குத் தெரியவில்லை.

மாடி ஏறித் திரையைத் திறந்தாள். பதினேழாம் எண்ணில் காலையிலேயே நான்கு ஜோடி. கணினி ஒரு தப்பும் இல்லாமல் எண்ணியிருந்தது. முதலில் மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினாள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை நீங்கள் அனுப்பியவர்களை எங்கள் தவறால் எண்ணாமல் விட்டோம், சீசன் மந்தம் என்று நான் எழுதியது சரியல்ல. முதலாளியைக் கேட்கவில்லை. அனுப்பிவிட்டாள். மதியத்துக்குள் கூப்பிடுவார், கூப்பிடட்டும்.

பிறகு மாத அறிக்கையைத் திறந்தாள். பரிசீலனை என்று அடித்திருந்த இடத்தை, மணிக்கட்டு முறுக்க முறுக்க, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்:

நிலுவை. பதினேழாம் எண், கொத்தனார். இருநூற்று எண்பத்து மூன்று ஜோடி, நூற்றுக்கு எட்டு வீதம். கொடுக்கப்படவில்லை. மற்ற அறுபத்திரண்டு பேர்: எவ்வளவு என்று தெரியாது. அதுவும் கொடுக்கப்படவில்லை.